குழாய் போகும் வழி: தானப் பத்திரமா, வசதியுரிமையா?

தமிழ்நாட்டில் புது மனைப்பிரிவு போடுபவர், சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அதற்கடியில் போகும். உடைந்தால் நகராட்சி ஆட்கள் எந்த மனைக்காரரையும் கேட்காமல் தோண்டலாம்.

வசதியுரிமை (easement), 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, வேறு மாதிரி. நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். குழாய் கொண்டுபோகும் உரிமை மட்டும் மற்றவருக்கு. மனை போடுபவருக்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. ஆனால் பின்னால் வாங்கியவர் குழாய் போகும் மூன்றடிப் பாதையின்மீதே மதில் சுவர் எழுப்பிவிட்டால்? அடைப்பெடுக்க வந்தவர் கம்பியோடு வாசலில் நிற்பார். அப்புறம் கோர்ட்தான்.

தானமாகப் போன சாலையே எனக்கு உசத்தி. வசதியுரிமைதான் என்றால், குழாய்ப் பாதையின் அகலமும் நான்கெல்லையும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்துப் போடுங்கள்.