டங்ஸ்டனா, பித்தளையா, ஈயக்கம்பியா: ட்ரவுட் நிம்ஃபுக்கு எது எடை?

எண்ணூர் முகத்துவாரத்தில் ஈயக்குண்டுக்கு ஒரே வேலைதான்: தண்ணீர் இழுக்கும்போது இரையை நகரவிடாமல் பிடித்து வைப்பது. அந்தக் கையோடு நீலகிரி ஓடையில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு நிம்ஃப் போட்டால் வீச்சுக்கு வீச்சு கல்லிடுக்கில் மாட்டும். கல்லடியில் வாழும் பூச்சிக்குஞ்சைப் போல தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய் இரைதான் நிம்ஃப். அது சட்டென்று அடிக்கு இறங்க வேண்டும், இறங்கியபின் ஓட்டத்தோடு உருள வேண்டும்.

கன செ.மீ.க்கு எடை பார்த்தால் பித்தளை சுமார் 8.5 கிராம், ஈயம் 11.3, சுத்த டங்ஸ்டன் 19.3. நிம்ஃபின் தலையில் கோக்கும் மணியாக விற்கும் டங்ஸ்டனில் வேறு உலோகமும் கலந்திருக்கும். ஆனாலும் அதே அளவுப் பித்தளை மணியைப் போல இரண்டு மடங்கு கனம். விலை ஏன் ஏறுகிறது? ஈயம் 327 டிகிரியில் உருகும். காசிமேட்டில் அடுப்பிலேயே குண்டு வார்த்துவிடலாம். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் தூளை அழுத்திச் சுட்டுத்தான் மணியாக்குகிறார்கள்.

இந்தக் காசை எல்லா முள்ளுக்கும் செலவழிக்க வேண்டியதில்லை. 12-ஆம் எண் நீளத்தண்டு முள்ளில் 3.3 மி.மீ. பித்தளை மணி, அதன் பின்னால் 0.6 மி.மீ. ஈயக்கம்பி பத்துச் சுற்று. கூட்டினால் அதே அளவு டங்ஸ்டன் மணியின் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். உடல் கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். அதைவிடச் சின்னதான 16-ஆம் எண் முள்ளில் கம்பி சுற்ற இடமில்லை, அங்கேதான் 2.3 மி.மீ. டங்ஸ்டன் காசுக்கு ஈடு. மணியைப் பெரிதாக்கிச் சமாளிக்கப் பார்த்தால் முள்ளின் வாய் அடைபட்டு, கடித்த மீனும் கழன்றுவிடும்.

மணி போட்டது தலைகீழாக இறங்கும். கம்பி மட்டும் சுற்றியது படுத்தவாக்கில் மெதுவாக இறங்கும். முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அதுவே மேல். பாறைக்குப் பின்னால் ஆழமாக, வேகமாக ஓடும் குறுகிய மடுவுக்கு டங்ஸ்டனை விட்டால் வேறில்லை.

கட்டும்போது மணியின் சின்னத் துளை முள்ளின் கண் பக்கம் இருக்கட்டும். கம்பிச் சுற்றைப் பெரிய துளைக்குள் நெருக்கித் தள்ளி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள். இல்லாவிட்டால் மணி சுழன்று நூலை அறுக்கும். கழுத்து வளைந்த ஜிக் முள்ளுக்குப் ஒரு பக்கம் வெட்டு விட்ட பிளவு மணிதான் உட்காரும். அந்த முள்ளில் முனை மேல்நோக்கி நிற்பதால் கல்லில் மாட்டுவதும் குறையும். ஈயத்தைத் தொட்டால் கை கழுவாமல் பீடா, பஜ்ஜி பக்கம் போகாதீர்கள்.

சாயம் பூசிய பித்தளையை டங்ஸ்டன் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. ஊசியால் அழுத்திக் கீறுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கல்லை உரசிப் போனால் எடை சரி. உரசவே இல்லையென்றால் ஒரு படி கூட்டுங்கள். வீச்சுக்கு வீச்சு மாட்டினால் ஒரு படி குறையுங்கள். கனமான நிம்ஃபைக் கடலில் எறிகிற மாதிரி விசுக்கென்று எறியவே கூடாது: மணி கார்பன் கோலில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த பெரிய மீனில் கோல் அங்கேயே முறியும்.