பரணில் கிடந்த வால்வு ரேடியோவும் கேசட் டெக்கும்: எது தாங்கியது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணை இந்தக் கோடையில் ஒழித்தோம். தாத்தாவின் வால்வு ரேடியோவும், அப்பா 1980களில் வாங்கிய கேசட் டெக்கும் கிடைத்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதே இரண்டும் மேலேதான் இருந்தன. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. டெக் வயதில் சிறியது, அதுதான் பிழைத்திருக்கும் என்று நினைத்தேன்.

டெக்கைத் திறந்தால், மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி கறுப்புப் பிசின். ஓட்டாமல் வைத்திருந்தாலும் சூட்டிலும் ஈரத்திலும் ரப்பர் இளகிவிடுகிறது. டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் இறுகிப் பளபளத்துக் கிடந்தது, இனி டேப்பைப் பிடிக்காது. உள்ளே கிரீஸும் கெட்டியாகியிருந்தது. இந்த மாடலுக்கான பெல்ட் இப்போது கடையில் இல்லை. சுற்றளவும் தடிமனும் அளந்துதான் தேட வேண்டும்.

ரேடியோவின் கதை வேறு. வால்வு என்பது ரேடியோ சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல். உள்ளே வெற்றிடம் வைத்து இறுக மூடியிருப்பதால் உப்புக்காற்று அதற்குள் போக வழியில்லை. எல்லா வால்வும் நன்றாகவே இருந்தன. கெட்டிருந்தவை மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்கள். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது. வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது நலிந்துவிடும். திடீரென்று 250 வோல்ட் ஏறினால் கசிந்து, சூடாகி, வெடிக்கவும் செய்யும். பரணின் வெக்கையும் ஆகாது. சூடு 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு.

காகிதக் கண்டன்சர் இன்னும் மோசம். ஈரம் ஏறிக் கசிந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வில் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிடுக்கு பாசிட்டிவ் வோல்ட் போய் நல்ல வால்வையே தின்றுவிடும். அதனால் தயவுசெய்து, 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்று பிளக்கைச் செருகாதீர்கள்.

ரிப்பேர் செய்யும் அண்ணன் காகிதக் கண்டன்சர் அத்தனையையும் மாற்றிவிட்டு, ரேடியோவுக்குள் கரண்ட் அளவுக்கு மீறிப் பாயாமலிருக்க, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டார். "பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு, மங்காம அப்படியே நின்னா உடனே ஆஃப் பண்ணிடு தம்பி" என்றார். எரிந்தது, மெல்ல மங்கியது. கொஞ்ச நேரத்தில் மீடியம் வேவில் குரல் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

என் தீர்ப்பு ரேடியோவுக்குத்தான். அதில் கெடும் பொருளுக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மாற்று கிடைக்கிறது. டெக்கில் கெடுவது அந்த டெக்குக்கே உரியது.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கோனைச் சுற்றிய வளையத்தைப் பாருங்கள். ஃபோம் என்றால் பத்து இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும், ரப்பரும் துணியும் அதைவிடத் தாங்கும்.

டெக்கையும் நான் மறுபடி பரணில் ஏற்றவில்லை. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் என்பதால், பருத்தித் துணி போர்த்திக் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் பெல்ட் கிடைத்துவிட வேண்டும்.