பல்லடத்தில் இரும்பு ஷெட்: லீவை எந்த வாரத்துக்குப் போடுவது?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் சொந்தக்காரர்களோடு தொழில் நடத்துகிறவர்கள், ஷெட் கட்டும்போது பெரும்பாலும் தூண் நிறுத்தும் வாரத்துக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். கிரேன் தூக்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியது அஸ்திவாரத்தில் போல்ட் வைக்கிற நாளில். பல்லடம் பக்கம் ஒரு பம்ப் உதிரிபாக யூனிட்டுக்கு இந்த முறை எழுந்த ஷெட்டை வைத்துச் சொல்கிறேன். அகலம் 24 மீட்டர், நீளம் 48, உள்ளே 5 டன் கிரேன். 8 மீட்டருக்கு ஒன்றாக 7 பிரேம் (இரு தூணும் மேலே கூரை உத்திரமும் சேர்ந்த சட்டம்).

கொட்டேஷன் கொடுப்பதில் எல்லோரும் வேகம்தான். கிலோ விலையைப் பார்க்கும் முன் டிசைன் பக்கத்தைப் புரட்டுங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தின்படி கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அந்த எண்ணும் கிரேன் சுமையும் எழுத்தில் இருக்க வேண்டும். கூரை ஷீட்டின் கனம் ‘பாயின்ட் ஃபைவ்’ என்றால் பெயின்டோடு சேர்த்தா என்று கேளுங்கள். சேர்த்து என்றால் உள்ளே இரும்பு சுமார் 0.45 மில்லிமீட்டர்தான்.

இனி போல்ட். 14 பெரிய தூண், இரு முகப்பிலும் மும்மூன்று சிறு தூண், தூணுக்கு 4 என்று, தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் 80. தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டில் ஓட்டை ஃபேக்டரியிலேயே போட்டு வருகிறது; கான்கிரீட் போடுவதோ சிவில் மேஸ்திரி. இருவருக்கும் நடுவில் பொறுப்பு யாருடையது என்று எழுதாமல் விட்டதால், ஒரு தூணில் போல்ட் 15 மில்லி விலகியதும் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். காரணம் சின்னதுதான். போல்ட்டை இடம் மாறாமல் பிடிக்கும் அச்சுப் பலகையாக பிளைவுட் டெம்ப்ளேட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், வைப்ரேட்டர் இடித்ததும் நகர்ந்துவிட்டது. இரும்பு டெம்ப்ளேட், மேலும் கீழும் நட், கம்பிக்கூட்டோடு இறுக்கம், மூலைவிட்ட அளவு, கான்கிரீட் இறுகுவதற்குள் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியில் இன்னொரு பார்வை: இவ்வளவும் இருந்தால் 3 மில்லிக்குள் நிற்கும். மரையில் டேப் சுற்றாவிட்டால் சிமென்ட் பால் ஏறி நட் இறங்காது.

விலகினால் சைட்டில் உடனே கேஸ் கட்டர் வரும், இல்லையென்றால் சம்மட்டி. இரண்டையும் நிறுத்துங்கள். அடித்து வளைத்த போல்ட் மரை அடியில் பலம் இழக்கும். ஓட்டையைப் பெரிதாக்குவதென்றால் டிசைனர் கையெழுத்தோடு, கனமான வாஷர் பிளேட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

நிறுத்துகிற டீம் அருமை. பிரேசிங் என்கிற குறுக்குத் தாங்கல் வருகிற கட்டத்தில் இரண்டு பிரேமை நிறுத்தி, ஷீட்டைத் தாங்கும் சட்டமான பர்லினைப் பூட்டி, தூண் நேராக நிற்கிறதா என்று தூக்கு பார்த்து, அதற்குப் பிறகே அடுத்ததைத் தொட்டார்கள். குறை ஒன்றுதான்: இடுப்பில் பெல்ட் இருந்தது, கொக்கி மாட்ட லைஃப்லைன் கயிறு இல்லை. கேட்ட பிறகுதான் வந்தது.

ஆடியில் ஷீட் வேலை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் அம்மியைத் தேடித்தான் வரும். பாதி மூடிய ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் கூரையை உள்ளிருந்து தூக்கும். முழுதாக மூடிய கட்டடம் என்று போட்ட கணக்கு அப்போது பொருந்தாது.

ஷீட் ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் ஒரு கோடையில் வெடித்து ஒழுகும். துளை போட்ட இரும்புத் தூளை அன்று மாலையே கூட்டித் தள்ள வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், ஷீட்டில் துருப்புள்ளி விழுந்துவிடும். வெளிச்சத்துக்கு வைக்கும் பாலிகார்பனேட் ஷீட்டில் கால் வைக்கக் கூடாது என்பதை மேலே ஏறும் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள்.

பேஸ் பிளேட் அடியில் இடைவெளியை நிரப்பும் கிரவுட் என்ற கலவையை ஊற்றுவதை மறந்துவிட்டுப் பில் நீட்டுவார்கள். குனிந்து பாருங்கள், 25 முதல் 40 மில்லி இடைவெளி, மட்டம் பார்க்க வைத்த ஷிம் என்ற தகட்டுத் துண்டுகளில் தூண் நிற்கும். சுருங்காத கிரவுட் போட்டு முடித்த பிறகே கிரேனை ஓட்ட விடலாம். கடைசி 5 சதவீதப் பணத்தை ஐப்பசி மழை பார்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கூரைத் தண்ணீர் ஓடும் கால்வாயின் மூலை ஒழுக்கு அப்போதுதான் தெரியும், நீங்களோ ஊரில் இருக்க மாட்டீர்கள்.