தரவை எங்கே வைப்பது: சென்னையா, சிங்கப்பூரா, அமெரிக்காவா?

தி.நகரில் ஒரு கிளினிக்குக்கு டோக்கன் போடும் ஆப் செய்து தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் பெயர், மொபைல் எண், நோய் விவரம் எல்லாம் எந்த ஊர் சர்வரில் இருக்க வேண்டும்? பலரும் மாத வாடகையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தத் தரவை எந்தெந்த நாட்டு அரசு கேட்டு வாங்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தில் சிங்கப்பூர் மோசமில்லை. 2002-ல் வந்த ஐ2ஐ கேபிள் சென்னையிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் கடலடியில் ஓடுகிறது. ஒளி போய்த் திரும்ப 32 மில்லி நொடி. டோக்கன் ஆப்புக்கு இது தாராளம். அமெரிக்காவுக்கு 200-ஐத் தாண்டும். ஒரு திரைக்கு ஐந்தாறு முறை சர்வரைக் கூப்பிட்டால் ஆப் இழுப்பது கண்ணுக்கே தெரியும்.

சட்டத்தில்தான் கதை மாறுகிறது. சென்னை ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி) என்று தேர்ந்தெடுத்ததுமே தரவு நம் சட்டத்துக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைப்பது தவறு. சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனம் அமெரிக்காவுடையது என்றால், 2018 மார்ச்சில் அங்கே வந்த கிளவுட் சட்டப்படி, சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும், முறையான ஆணை வந்தால் தரவைக் கொடுத்தாக வேண்டும். அயர்லாந்தின் டப்ளின் சர்வரில் இருந்த மின்னஞ்சலை அமெரிக்க அரசு கேட்டதால் 2013-ல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், இந்தச் சட்டம் வந்ததும் அர்த்தமிழந்தது. ஆகவே நோய் விவரத்தை ஆப் பக்கமே என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். சாவியை அதே நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் வைத்தால் நம் சட்டம் விட்டுவிடுமா? விடாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டுச் செயலாக்கத்தையும் பிடிக்கும். அரசு தடுக்காத நாட்டுக்குத் தரவை அனுப்பலாம்; ஆனால் பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு தனி: ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், லாக் எனும் சர்வர் நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

என் தேர்வு: முதல் பிரதி சென்னையில், இரண்டாவது மும்பையில். 2015 வெள்ளத்தையும் 2016 வர்தாவையும் பார்த்த ஊரில் ஒரே இடத்தை நம்பக் கூடாது. அங்கேயே வாடிக்கையாளர் இருந்தால் மட்டும் சிங்கப்பூர். பெயரும் எண்ணும் இல்லாத சோதனை வேலைக்கு அமெரிக்கா போதும்.

பெரும்பாலும் ஓட்டை டேட்டாபேஸில் இருக்காது. டேட்டாபேஸ் சென்னையில் இருக்க, ஆப் நின்றுபோகும்போது பிழை அறிக்கை நோயாளியின் எண்ணையும் சேர்த்து அமெரிக்கக் கருவிக்கு அனுப்பிவிடும். தானியங்கி பேக்கப், எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் கேட்வே சேவை, பிழை அறிக்கை மூன்றுக்கும் ரீஜனைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். பிழை அறிக்கையில் மொபைல் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிட்டு, ஒரு பொய்ப் பிழையை உண்டாக்கி, என்ன போகிறது என்று நேரில் சரிபாருங்கள்.