முன்கூட்டியே சாவி பங்கிடுவது: குலுக்கலா, பல்லுறுப்புக் கோவையா?

சென்சார் கருவிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேச, செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்களை, அதாவது சாவிகளை, முன்கூட்டியே கொடுத்து வைக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம். ஆராய்ச்சியாளர்கள் எஷனாவரும் கிளிகோரும் 2002-இல் சொன்ன முறை குலுக்கல் மாதிரிதான். 10,000 சாவிகள் உள்ள குவியலிலிருந்து ஒவ்வொரு சென்சாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 75 எடுத்துக் கொடுத்தால், எந்த இரண்டுக்கும் பொதுச் சாவி இருக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. இரண்டுக்குச் சரி, ஐந்துக்கு? ஐந்திலும் ஒரே சாவி இருப்பது நடக்காத காரியம். அப்புறம் ஜோடி ஜோடியாகத்தான் குழு முழுவதற்கும் பொதுவான குழுச் சாவியைக் கடத்த வேண்டும், அந்த ஜோடிச் சாவியே குழுவுக்கு வெளியே வேறொரு கருவியிடம் இருக்கலாம், அது ஒட்டுக்கேட்டால் தெரியவே தெரியாது.

புளுண்டோவும் கூட்டாளிகளும் 1992-இல் சொன்ன முறையில் இந்தத் தொல்லை இல்லை. சமச்சீர் பல்லுறுப்புக் கோவையை (மாறிகளை இடம் மாற்றினாலும் மதிப்பு மாறாத கணிதக் கோவை) வைத்து, குழுவினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலேயே சாவியைக் கணக்கிட்டுவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நினைவகத்தைப் பார்க்கும்வரை. 10 கருவிகள் எதிரியிடம் சிக்கிக் கூட்டுச் சேர்ந்தாலும் சாவி உடையக்கூடாது என்றால், இருவர் குழுவுக்கு ஆளுக்கு 11 மதிப்புகளை நினைவில் வைத்தால் போதும். ஐவர் குழுவுக்கு 1,001! பதினோராவது கருவி பிடிபட்டால் மொத்தமும் போச்சு. குலுக்கலில் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பரவும்.

குழுவிலிருந்து ஒரு கருவியை நீக்குவதில் இரண்டுமே சொதப்பல். சின்ன, மாறாத குழுவென்றால் நான் புளுண்டோ பக்கம்; வயலில் தூவிவிட்ட ஆயிரம் சென்சார்களுக்குக் குலுக்கல்தான்.