டோரன்ஸ் பேரைச் சொல்லி நடக்குற ஒரு சாக்கர் கேம்ப், 5க்கு 2.5

ஜூலைல ஒரு வாரம் என் பொண்ணை, 12 வயசு, நார்த் கரோலினா கேரி பக்கம் ஒரு கேர்ள்ஸ் சாக்கர் (நம்ம ஊரு ஃபுட்பால்) கேம்ப்ல விட்டேன். பேரு போடல, சின்னதா நடத்துறாங்க, பொழப்புல மண்ணைப் போட வேணாம். காலைல 9 டு 12, 5 நாள், 290 டாலர். 18 பொண்ணுங்க, 2 கோச், ரெண்டு பேருமே லேடீஸ். நான் பணம் கட்டுனதுக்கு ஒரே காரணம், நோட்டீஸ்ல டோரன்ஸ் ஸ்டைல் ட்ரெயினிங்னு போட்டிருந்ததுதான்.

நார்த் கரோலினால இருக்கறவங்களுக்கு ஆன்சன் டோரன்ஸ் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்காக: மனுஷன் 1951ல நம்ம பாம்பேல பொறந்தவரு! அப்பாவுக்கு ஆயில் கம்பெனி வேலை, கென்யா எத்தியோப்பியா சிங்கப்பூர்னு சுத்தி வளந்து, கடைசில சாப்பல் ஹில் யுனிவர்சிட்டிக்கு வந்து சேந்துட்டாரு. சட்டம் படிச்சிட்டு இருந்த ஆளை 1977ல அங்க ஆம்பளைங்க சாக்கர் டீமுக்கு கோச்சா போட்டாங்க, 1979ல பொண்ணுங்க டீமையும் அவர் தலைலயே கட்டிட்டாங்க, அப்புறம் பொண்ணுங்க டீமோட மட்டும் 2023 வரைக்கும் 45 சீசன். 1981ல ஒண்ணு, என்சிஏஏன்னு காலேஜ் விளையாட்டு அமைப்பு நடத்தற போட்டிகள்ல 21, ஆக மொத்தம் 22 தடவை நேஷனல் சாம்பியன். அதுலயும் 1986ல இருந்து 1994 வரை வரிசையா 9 வருஷம். நடுவுல அமெரிக்கா டீமுக்கும் கோச், 1991ல சைனால நடந்த முதல் பெண்கள் வேர்ல்ட் கப்பை நார்வேயை 2-1ன்னு அடிச்சு தூக்கிட்டு வந்தாரு. காலேஜ் கோச் ஒருத்தரு இவ்ளோ பண்ணிருக்காருன்னா அவர் முறைன்னு சொன்னதும் நான் மயங்கினது தப்பில்லன்னுதான் இப்பவும் நினைக்கறேன்.

அந்த முறை என்னன்னா, ப்ராக்டிஸ்ல எதைச் செஞ்சாலும் கணக்கு எழுதறது. ஒண்ணுக்கு ஒண்ணு மோதல், ஓட்டம், ஷூட்டிங், குட்டி மேட்ச், எல்லாத்துக்கும் ஜெயிச்சது தோத்தது எழுதி, யாரு எத்தனாவது இடம்னு எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டிடுவாரு. அதே யுனிவர்சிட்டில பாஸ்கெட்பால் கோச்சா இருந்த டீன் ஸ்மித் ப்ராக்டிஸ்ல ஒவ்வொண்ணையும் நோட்டு போடறதப் பாத்து எடுத்துக்கிட்ட ஐடியா அது. பொண்ணுங்கன்னா பொத்திப் பொத்தி வெளையாடணும்னு நினைச்சிட்டிருந்த காலத்துல, ஃப்ரெண்ட்ஸா இருந்தாலும் கிரவுண்டுல மோதுங்கடின்னு சொன்னதுதான் அவர் பண்ணின பெரிய காரியம்.

நம்ம கேம்ப்லயும் அதே சீட்டு இருந்துச்சு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வேலிக் கம்பில கட்டி வெச்சிருந்தாங்க. முதல் நாள் முடிஞ்சு கூப்பிடப் போனா என் பொண்ணு ஷூவெல்லாம் செம்மண்ணோட அங்க நிக்கறா, பேரை மேல இருந்து தேடல, கீழ இருந்து விரலை வெச்சு மேல ஏத்திட்டுப் போறா. 16ல நின்னுச்சு. "கீழ இருந்து பாத்தா நான் தேர்டும்மா"ன்னு சிரிச்சா பாருங்க, எனக்குத்தான் தொண்டை அடைச்சுது. கார்ல வர்ற வழில மோர் பாட்டிலைத் திறக்கவே இல்ல.

சரி, நம்பர் வந்தா வரட்டும், நானும் ஸ்கூல்ல கோ-கோ ஆடுனவதான், தோக்கறது தெரியாம வளரக் கூடாது. ஆனா மறுநாள் கோச் கிட்ட போய் இவ எதுல கொறையறா, வீட்ல என்ன பண்ணணும்னு கேட்டா, "எல்லாம் சீட்டுலயே இருக்குங்க"ன்னு ஒரே பதில். வியாழக்கிழமை அவ 12க்கு ஏறிட்டா, ஒரு வார்த்தை, ஒரு தட்டு முதுகுல? ம்ஹும். பேப்பர மாத்திட்டு போயிட்டாங்க.

டோரன்ஸ் கிட்ட இருந்தது அந்த மிச்சம்தான். ஒரு சீசனுக்கு சில தடவை ஒவ்வொரு பிளேயரையும் தனியா உக்கார வெச்சு, நீ எங்க இருக்க, எங்க போகணும்னு பேசுவாராம். ஒரு நாள் காலைல கார்ல போறப்ப ஒரு பொண்ணு ஆளில்லாத இடத்துல ஓடி ஓடி, வேர்த்து ஊத்தி குனிஞ்சு மூச்சு வாங்கறதப் பாத்திருக்காரு, அது அமெரிக்காவோட ஸ்டார் பிளேயர் மியா ஹாம். அதப் பத்தி அவளுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாரு, அந்த வரி இன்னிக்கும் அமெரிக்கால பாதி ஸ்கூல் சுவத்துல இருக்கும். ஆம்பளை டீம் பொம்பளை டீம் ரெண்டையும் ஒரே நேரத்துல நடத்துனவரு, பசங்க கிட்ட கத்தற மாதிரி பொண்ணுங்க கிட்ட கத்துனா வேலைக்காகாது, அவங்க ஏற்கெனவே தன்னையே குறை சொல்லிட்டிருப்பாங்கன்னு பேட்டிகள்ல சொல்லிருக்காரு. இந்தப் பாதியை விட்டுட்டு நம்பரை மட்டும் எடுத்தா அது ரேங்க் கார்டு, அதுக்கு எதுக்கு 290 டாலர், நம்ம ஊரு டியூஷன் சென்டரே போதுமே.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடவும் முடியாது, அதையும் சொல்லிடறேன். பழைய பிளேயர்ஸ் ரெண்டு பேரு 1998ல அவர் மேல பாலியல் ரீதியான பேச்சு, தொந்தரவுன்னு கேஸ் போட்டாங்க. அவரு மறுத்தாரு, ஒரு கேஸ் 2008ல யுனிவர்சிட்டி 385000 டாலர் குடுத்து செட்டில் ஆச்சு, கிண்டல் பேச்சுல கலந்துக்கிட்டதுக்கு அவரும் மன்னிப்புக் கடிதம் எழுதினாரு. பொண்ணை கோச் கிட்ட அனுப்பற எந்த அம்மாவும் இதைப் படிக்காம இருக்கக் கூடாது. அந்த விஷயத்துல இந்த கேம்புக்கு முழு மார்க். பெரியவங்க யாரும் ஒரு குழந்தையோட தனியா இருக்கக் கூடாதுன்னு ரூல், பாத்ரூம் போனாக்கூட ரெண்டு ரெண்டு பேரா அனுப்பறாங்க, மழை வந்தப்ப எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சு எண்ணிட்டேதான் இருந்தாங்க.

இன்னொண்ணு, அவர் முறையே என்னிக்கும் ஜெயிக்கும்னு யாரும் நினைக்க வேணாம். டோரன்ஸோட கடைசி பட்டம் 2012, அதுக்கப்புறம் 11 சீசன் இருந்தும் கெடைக்கல. 2022 ஃபைனல்ல 2-0ன்னு முன்னாடி இருந்து, கடைசி 16 செகண்டுல கலிஃபோர்னியாவோட யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி டீம் சமன் பண்ணி எக்ஸ்ட்ரா டைம்ல பறிச்சுட்டாங்க, அதுவும் இதே கேரிலதான். 2024 ஆகஸ்ட்ல அவர் ரிட்டயர் ஆக, பக்கத்துலயே இருந்த டேமன் நஹாஸ் டீமை எடுத்து அதே டிசம்பர்ல சாம்பியன் ஆக்கிட்டாரு. என்ன சொல்ல!

அனுப்பறதா இருந்தா: ஏற்கெனவே கிளப்ல ஆடற, தோத்தா கோவம் வர்ற பொண்ணுங்களுக்கு ஓகே, மூணு மணி நேரமும் பந்து கால்லயே இருக்கு, என் பொண்ணுக்கு இடது கால் ஷாட் நிஜமாவே வந்துடுச்சு. புதுசா ஆரம்பிக்கற குழந்தைன்னா வேணாம். உண்ணி ஸ்ப்ரே கண்டிப்பா. நிழலுக்கு கிரவுண்டு ஓரத்துல ஒரே ஒரு மரம், 8:40க்கே போய் சேர் போட்டுடுங்க.