ஜான்சனின் வழியும் காங்கிரசின் வழியும்

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், பிரிந்து சென்று தோற்ற தென் மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்க இரு வழிகள் அடுத்தடுத்து முயலப்பட்டன. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், விசுவாச உறுதிமொழி அளித்த பெரும்பாலான வெள்ளையருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியதோடு, ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மனின் ஆணைப்படி, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த கடலோர நிலங்களையும் பழைய உடைமையாளர்களிடமே திருப்பிக் கொடுத்தார்; அந்தத் துணிவில்தான் மிசிசிப்பி போன்ற மாநிலங்கள், வேலையில்லாத கறுப்பினத்தவரை நாடோடிகளெனக் கைதுசெய்யும் கொடிய சட்டங்களை இயற்றின. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசோ 1867இல் பத்து மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாக்கி, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தரும் அரசமைப்புகளைக் கோரியது. 1870இல் அதே மிசிசிப்பி, ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவரைச் செனட்டுக்கு அனுப்பியது. இரண்டில் இதுவே நீதியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நிலப் பகிர்வை அதுவும் செய்யாததால், விடுதலை பெற்றோரில் பலர், பிறர் நிலத்தில் உழைத்து விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரச் சாகுபடியின் கடனிலேயே உழன்றனர். 1877இல் ஒன்றிய அரசுப் படைகளின் காவல் விலகியதும் கறுப்பினத்தவரின் வாக்குரிமையும் படிப்படியாகப் பறிபோனது.